பொம்மையின் வயிற்றுக்குள் என்ன?

"எங்கே வலிக்கிறது, கண்ணு?" என்று டாக்டர் குழந்தையைப் பார்த்துத்தான் கேட்கிறார். பதில் சொல்வது யார்? நாம்தான்! "வயிறுதான் டாக்டர், காலையிலிருந்து வயிறு வயிறு என்று அழுகிறான்" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிடுகிறோம். டாக்டர் பொறுமைசாலியாக இருந்தால் நம்மைச் சற்று ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்து, "நீ காட்டு, பார்க்கலாம்" என்பார். குழந்தை என்ன செய்யும்? தொப்புளைத் தொட்டுக் காட்டும். ஜுரம் என்றாலும் தொப்புள், தொண்டை என்றாலும் தொப்புள், நெஞ்சில் சளி என்றாலும் தொப்புள்! மூன்று வயதுக் குழந்தைக்கு உடம்பு என்றால் வெளியே தெரிகிற கை, கால், மூக்கு, காது; அதற்கு மேல் ஒரு தொப்புள். அவ்வளவுதான் அதன் பூகோளம்.

இதில் குழந்தையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நம்முடைய பாஷையே அப்படி இருக்கிறது. நெஞ்சுக்குக் கீழே இடுப்பு வரையில் எல்லாவற்றுக்கும் 'வயிறு' என்று ஒரே பெயர்தான் வைத்திருக்கிறோம். சாப்பாடு போய்த் தங்குகிற இரைப்பையோ, தொப்புளுக்கு நல்ல மேலே, இடது பக்கத்து விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. அதில் புளிப்பு மேலே ஏறி எரிந்தால் அதற்கு 'நெஞ்செரிச்சல்' என்று பெயர் கொடுத்து, இதயத்தின் மேல் பழி போடுகிறோம். குடல்வால் அழற்சி என்கிறார்களே, அந்த வலி பல சமயங்களில் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். "அம்மா, காலையில் இங்கே வலித்தது, இப்போது இங்கே வலிக்கிறது" என்று ஒரு குழந்தைக்குச் சொல்லத் தெரிந்திருந்தால், டாக்டருக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

அதனால்தான் இந்த வாரக் கைவேலைக்கு உடம்பையே எடுத்துக்கொண்டேன். கடைக்குப் போய் எதுவும் வாங்க வேண்டாம். பழைய செய்தித்தாள், கிழிந்த புடவை, ஈர்க்குச்சி, கல்லுப்பு, இரண்டு பலூன். இவ்வளவு போதும்.

இவற்றையெல்லாம் நான் செய்து பார்த்தது பொம்மையார்பாளையத்தில். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கொஞ்ச தூரத்திலேயே வருகிற மீனவர் ஊர். பெயரிலேயே பொம்மை இருக்கிறதே, அதற்குத்தான் போனீர்களா என்று கேட்காதீர்கள். கோடை விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டணத்திலிருந்து வந்த எங்கள் வீட்டு வானரங்கள் நாலு, அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஏழெட்டு. மின்சாரம் இல்லாத ஒரு மத்தியானம். இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

முதலில் மணலில் ஆரம்பித்தோம். அந்தக் கரையில் கடல் அரித்து அரித்து மணல் குறுகிவிட்டது. இருந்தாலும் ஒரு குழந்தை கை காலை விரித்துப் படுக்க இடம் இல்லாமல் போகவில்லை. ஒருத்தி மல்லாந்து படுத்தாள். மற்றவர்கள் சவுக்குக் குச்சியால் அவளைச் சுற்றிக் கோடு போட்டார்கள். எழுந்து பார்த்தவள், "ஐயே, நான் இவ்வளவு குட்டையா?" என்று கேட்டாள். அப்புறம் ஒவ்வொருவரும் தன் உருவத்தைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குச் சிப்பி, வாய்க்குக் கடற்பாசி என்று அலங்கரிக்கத் தொடங்கினார்கள். "எல்லாம் சரி, இவளுக்கு உள்ளே என்ன வைக்கலாம்?" என்று கேட்டேன். ஒரே நிசப்தம். பிறகு ஒரு வாண்டு, "சோறு!" என்றான். இன்னொருத்தி, "ரத்தம்!" என்றாள். சரியான பதில்தான் இரண்டும்.

பட்டணத்து வீட்டில் மணலுக்கு எங்கே போவது? செய்தித்தாள்களை மைதாப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டி, குழந்தையின் உயரத்துக்குப் பெரிய தாளாகச் செய்துகொள்ளுங்கள். கூடத்தில் விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்து, கரியாலோ கிரேயானாலோ சுற்றிக் கோடு போடுங்கள். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு, அது விஷம். குழந்தைகளின் கைவேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

இப்போது உள்ளே வைக்க வேண்டிய உறுப்புகள். வெந்தயக் கூழ்க் கூடை ஞாபகம் இருக்கிறதா? நம் பாட்டிமார்கள் பழைய காகிதத்தை ஊறப் போட்டு, வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, பானையைக் கவிழ்த்து அதன் மேல் அப்பிக் காயவைத்து, அரிசி பருப்பு போட்டு வைக்கக் கூடை செய்வார்களே, அதே கூழ்தான். புதுச்சேரிப் பக்கத்துத் திருக்கனூரில் காகிதக் கூழ்ப் பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைத்தொழிலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அவர்கள் கை நேர்த்தி நமக்கு வராது. குழந்தைகள் செய்கிற கல்லீரலுக்கு அது தேவையும் இல்லை.

செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து இரண்டு நாள் ஊறவையுங்கள். கிழிக்கிற வேலையைக் குழந்தைகளிடமே விட்டுவிடலாம். அவர்களுக்கு அதைவிட ஆனந்தம் கிடையாது. தண்ணீரை மட்டும் தினம் மாற்ற வேண்டும். நாலு பங்கு காகிதத்துக்கு ஒரு பங்கு வெந்தயம் என்பது என் கணக்கு. வெந்தயத்தை முதல் நாள் இரவே தனியாக ஊறப் போட்டு, மறுநாள் இரண்டையும் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு வைத்திருக்கும் மிக்ஸி ஜாடியைத் தொடாதீர்கள். மூலையில் கிடக்கும் பழைய ஜாடி ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். அரைத்த கூழ் சப்பாத்தி மாவு பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் துணியில் கட்டிப் பிழிந்துகொள்ளலாம்.

எந்த உறுப்பு எவ்வளவு பெரிது என்பதற்கு அளவுகோல் வேண்டாம். 'உன் இதயம் எவ்வளவு? உன் முஷ்டி அளவு!' குழந்தை கையை மூடிப் பார்த்து, அதே அளவுக்கு ஒரு உருண்டை பிடிக்கட்டும். அப்பாவின் முஷ்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இதயத்தை மார்பின் நடுவில், சற்றே இடது பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். சினிமாவில் கதாநாயகர்கள் கையை வைத்துக் காட்டுகிறார்களே, அவ்வளவு கோடியில் இல்லை. இரண்டு பக்கமும் நுரையீரல். வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டே மடல். இதயம் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதால் இடது நுரையீரல் இடம் விட்டுக் கொடுத்திருக்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் வீட்டு அக்கா, தம்பியைப் பார்த்து, "பார்த்தாயா? நான்தான் இடது நுரையீரல்" என்றாள். வலது பக்கத்து விலாவுக்கு அடியில் கல்லீரல். உள்ளுறுப்புகளிலேயே பெரியது, வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதற்கு எதிர்ப்புறம் இரைப்பை. சிறுநீரகத்துக்கு மட்டும் தாளைப் புரட்ட வேண்டும். அவரைக்கொட்டை வடிவில் இரண்டு செய்து, படத்தின் முதுகுப் பக்கத்தில், இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்புக்கு இரு பக்கமும் ஒட்டுங்கள். வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது பொய்யான இடம்.

குடல் விஷயத்துக்கு வருவோம். எல்லாவற்றிலும் குழந்தைகள் வாயைப் பிளந்தது இதற்குத்தான். வளர்ந்தவர்களுக்குச் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். அதாவது, சகோதரிகளே, நாம் கட்டுகிற ஆறு கஜப் புடவையைவிடச் சற்று அதிகம்! பெருங்குடல் இன்னும் ஒன்றரை மீட்டர். கிழிந்த பழைய புடவை ஒன்றை எடுத்து, கரையை மட்டும் நாலு விரல் அகலத்தில் நீளவாக்கில் கிழித்துக்கொள்ளுங்கள். கூடத்தின் ஒரு கோடியில் ஒரு குழந்தை, இன்னொரு கோடியில் ஒரு குழந்தை, இருவருமாகப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். "இவ்வளவும் உன் பாட்டி வயிற்றுக்குள் இருக்கிறது" என்று சொல்லுங்கள். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை. பிறகு ஒரு சின்ன டிபன் பாத்திரத்தைக் கொடுத்து, "இதற்குள் வை பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். திணிப்பார்கள், பிதுங்கும். திணிப்பார்கள், மறுபடி பிதுங்கும். அப்போது நாம் கொசுவம் வைப்பதைப் போல மடித்து மடித்துக் காட்டினால் அடங்கிவிடும். மடிப்பின் அருமை பெண்களுக்குத் தெரியாதா!

அந்தக் கரையை ஒரு நீளப் பையாகத் தைத்து, அதற்குள் கோலிக்குண்டு ஒன்றைப் போட்டு, வெளியிலிருந்து பிடித்துப் பிடித்து நகர்த்தச் சொன்னால் இன்னும் விசேஷம். குடல் சாப்பாட்டை அப்படித்தான் பின்னாலிருந்து பிழிந்து முன்னுக்குத் தள்ளுகிறது. தலைகீழாக நின்றால்கூட விழுங்கியது தன் வழியில்தான் போகும். இதைக் கேட்டதும் யாராவது ஒரு பையன் தலைகீழாக நின்று வாழைப்பழம் தின்று பார்க்கிறேன் என்பான். தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று சொல்லித் தடுத்துவிடுங்கள். கோலிக்குண்டும் அப்படியே: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் அதற்குப் பதில் எலுமிச்சம்பழம்.

இதயம் துடிப்பதைக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதையே காகிதத்தில்தான் இருக்கிறது. 1816-ல் பாரிஸ் நகரத்தில் ரெனே லென்னெக் என்று ஒரு டாக்டர். அக்காலத்தில் நோயாளியின் மார்பில் காதை நேராக வைத்துத்தான் கேட்பது வழக்கம். ஒரு நாள் வந்தவள் இளம் பெண். காதை வைத்துக் கேட்க அவருக்குக் கூச்சம். கையில் கிடைத்த காகிதங்களைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்தார். காதை வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டதாம்! பின்னால் அதையே மரத்தில் கடைந்து செய்துகொண்டார். ஒரு மனிதரின் கூச்சத்தால் உலகத்துக்கு எவ்வளவு லாபம், பாருங்கள்.

பழைய தினசரிக் காலண்டர் அட்டையையோ, கெட்டித் தாளையோ இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டினால் லென்னெக்கின் குழல் தயார். பொம்மையார்பாளையத்துக் குழந்தைகள் அதற்குள் பப்பாளி இலைக் காம்பை ஒடித்து வந்துவிட்டார்கள். அதுவும் குழல்தானே! ஆனால் பப்பாளிப் பால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும்; நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே காதருகில் கொண்டுபோக வேண்டும். இதைவிட நன்றாகக் கேட்க வேண்டுமானால், எண்ணெய் ஊற்றுகிற புனலின் வாலில் ஒரு முழ ரப்பர் குழாயைச் செருகுங்கள். குழாயின் முனை காதுக்குள் போகாமல் காதோரம் நிற்கட்டும்.

கேட்டது போதாது, பார்க்கவும் வேண்டும் என்கிற குழந்தைக்கு இன்னொரு வேடிக்கை. ஒரு தீக்குச்சியின் மருந்து முனையை ஒடித்து எறிந்துவிட்டு, மிளகளவு களிமண்ணிலோ கோதுமை மாவிலோ நட்டு, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் நாடி துடிக்கிற இடத்தில் நிறுத்துங்கள். கை அசையாமல் மேஜையில் இருக்கட்டும். குச்சி தானாகத் தலையாட்டும்! ஐந்து வயதுக் குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 80 முதல் 110 தடவை வரை ஆடலாம். நமக்கு 60-லிருந்து 100-க்குள். பத்து தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் கையில் வைத்துப் பார்த்தபோது குச்சி அசையவே இல்லை. குழந்தைகள் பயந்துவிட்டார்கள். குச்சியை அரை அங்குலம் நகர்த்தி வைத்ததும் தாத்தாவுக்கு உயிர் வந்தது.

நுரையீரலுக்குத் தண்ணீர் பாட்டில் போதும். அடிப்பாகத்தை நீங்கள் வெட்டிக் கொடுங்கள். மூடியில் துளை போட்டு ஒரு உறிஞ்சு குழலைச் செருகி, உட்புறத்து முனையில் சின்ன பலூனைக் கட்டுங்கள். வெட்டிய அடிவாயில் இன்னொரு பலூனைப் பாதியாக நறுக்கி, மேளத்துக்குத் தோல் கட்டுவதைப் போல இழுத்துக் கட்டி, மூடியைச் சுற்றிக் காற்றுப் புகாமல் மெழுகால் அடைத்துவிடுங்கள். அடித்தோலைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கிற பலூன் உப்பும், விட்டால் சுருங்கும். அந்தத் தோல்தான் நம் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானம். நுரையீரல் தானாக ஊதிக்கொள்வதில்லை என்பது பெரியவர்களில் பலருக்கே தெரியாத சமாசாரம். வேலை முடிந்ததும் பலூன் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். குழந்தைகளின் தொண்டையை அடைத்துக்கொள்வதில் பலூன் துண்டைப் போல அபாயமானது வேறில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது கை. ஒரு கெட்டி அட்டையில் குழந்தையின் கையை முழங்கை வரை வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விரலையும் கணு உள்ள இடங்களில் மடித்துவிடுங்கள். கட்டைவிரலுக்கு இரண்டு எலும்பு, மற்ற விரல்களுக்கு மும்மூன்று. ஆக ஒரு கையின் விரல்களில் மட்டும் 14 எலும்புகள் என்பதை மடிக்கும்போதே எண்ணிவிடலாம். கணுவுக்குக் கணு நடுவில் உறிஞ்சு குழலின் துண்டை ஒட்டி, விரல் நுனியில் நூலை முடிச்சுப் போட்டு, அந்தத் துண்டுகளின் வழியாக உள்ளங்கை தாண்டி முழங்கைப் பக்கம் கொண்டுவாருங்கள். ஐந்து விரலுக்கும் ஐந்து நூல். ஒன்றை இழுத்தால் ஒரு விரல் மடங்கும். ஐந்தையும் இழுத்தால் முஷ்டி!

இது வெறும் விளையாட்டுப் பொம்மை என்று நினைக்காதீர்கள். நம் கையும் இப்படியேதான் வேலை செய்கிறது. விரலை மடக்குகிற தசை விரலில் கிடையாது. பெரும்பாலும் முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து நரம்பு போலத் தெரிகிற தசைநாண்கள் ஓடி வந்து விரலை இழுக்கின்றன. சந்தேகமாக இருந்தால் இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஊர்வது தெரியும். கயிற்றை இழுக்கிறவன் திரைக்குப் பின்னால் நிற்கிற பொம்மலாட்டம் நம் ஒவ்வொருவர் கையிலும் நடக்கிறது. வலை பின்னுகிற ஒரு மீனவப் பெரியவர், குழந்தைகள் செய்த அட்டைக் கையை வாங்கி இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "அதனாலேதான் நாள் பூரா வலை பின்னினா விரல் வலிக்காம இங்க வலிக்குது" என்று முன்கையைத் தடவிக் காட்டினார். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

கையால் தொட்டுச் செய்துதான் குழந்தை கற்கும் என்பதை மரியா மாண்டிசோரி அம்மையார் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். அவரும் படிப்பால் ஒரு டாக்டர்தான். 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து, பிரம்ம ஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலக யுத்தம் வந்துவிட்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கும்படி ஆயிற்று.

எலும்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கறுப்புத் தாளில் ஈர்க்குச்சிகளை நறுக்கி ஒட்டி எலும்புக்கூடு செய்வது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. முதுகெலும்புக்கு மட்டும், பாட்டில் மூடிகளில் துளை போட்டு, நடுநடுவே பழைய ரப்பர் செருப்பை வட்டமாக நறுக்கி வைத்து, கயிற்றில் கோத்துப் பாருங்கள். மூடி எலும்பு, ரப்பர் நடுவில் இருக்கிற மெத்தை. மெத்தையில்லாமல் கோத்தால் வளையும்போது கடகடவென்று இடிக்கும். கழுத்துக்கு 7 மூடி. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான் என்றால் குழந்தைகள் நம்ப மாட்டார்கள். பொம்மையார்பாளையத்தில் எங்களுக்கு மூடி கோக்கிற சிரமமே இருக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்ட மீனின் நடு முள்ளை முழுசாக எடுத்துக் கழுவி வெயிலில் வைத்துவிட்டோம். மீன் சமைக்காத வீட்டுச் சகோதரிகள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். உங்களுக்குத்தான் பாட்டில் மூடி இருக்கிறதே!

இனி உப்பு. இதே சாலையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். பாத்தி பாத்தியாகக் கடல்நீர், வெயில் குடித்தது போக வெள்ளை வெளேரென்று மிச்சம். ஒரு கறுப்புத் தட்டில் உப்புத் தண்ணீரை ஊற்றி மொட்டைமாடியில் வைத்தால், சாயங்காலம் உங்கள் வீட்டிலும் ஒரு உப்பளம். அதைக் காட்டிய கையோடு, விளையாடிவிட்டு வந்த குழந்தையிடம் "உன் கையை நீயே நக்கிப் பார்" என்று சொல்லுங்கள். கரிக்கும்! கண்ணீரும் கரிக்கும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் சட்டை முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடுகள் படிந்திருக்கும். தட்டில் நடந்ததுதான் அங்கேயும்.

வயிற்றுப்போக்கில் இந்த உப்பும் நீரும் சேர்ந்து போவதால்தான் குழந்தை துவண்டுவிடுகிறது. பாக்கெட் கரைசல் கைவசம் இல்லாத நேரத்தில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் கெடுதல். அளந்து கலக்குவதைக் குழந்தையின் கையாலேயே செய்யச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தாளில் படுத்திருக்கிற உருவத்தின் கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, ஒரு சின்னக் காகிதப் பட்டாம்பூச்சியையும் ஒட்டிவிடுங்கள். அது தைராய்டு. அது வேலை செய்ய அயோடின் வேண்டும். அதற்காகத்தான் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கென்று விற்பதற்கு நாடு முழுவதும் 2006-ல் தடை கொண்டுவந்தார்கள்.

பல்லுக்கும் உப்பே போதும். மைதா 2 பங்கு, தூளாக்கிய கல்லுப்பு 1 பங்கு, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக 1 பங்கு விட்டுப் பிசைந்தால் அருமையான பொம்மை மாவு. பால் பல் 20, நிரந்தரப் பல் 32. உருட்டி, அட்டை ஈற்றில் நட்டு, வெயிலில் காயவைக்கலாம். கடற்கரை ஊர்களில் இது காற்றின் ஈரத்தை இழுத்து மறுநாளே பிசுபிசுக்கும். வர்ணம் பூசினால் தாங்கும். பார்க்க மாவு போல இருக்கிறதே என்று குழந்தை தின்றுவிடாமல் கவனமாக இருங்கள். அவ்வளவு உப்பு சின்ன உடம்புக்கு ஆகாது.

இனிச் சொல்லப்போவதைச் சில சகோதரிகள் இந்தப் பகுதியில் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தாளில் உருவத்தை வரைந்து பெயரெழுதுகிறோம்: தலை, கழுத்து, மார்பு, வயிறு... அப்புறம் ஒரு தாவு! தொடை, முழங்கால். நடுவில் ஒரு இடத்தை எல்லோரும் வெற்றாக விட்டுவிடுகிறோம். பொம்மைக் கடைக்காரரும் விட்டுவிடுகிறார். குழந்தையும் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது, அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று அது முடிவு கட்டிக்கொள்கிறது. பேசக் கூடாத இடத்தில் வலித்தாலோ, எரிந்தாலோ, யாராவது தொட்டாலோ அது எப்படி வந்து சொல்லும்?

ஆகவே தாளில் ஒரு சின்ன ஜட்டியை வரைந்து வர்ணம் தீட்டச் சொல்லுங்கள். "இதற்குள் இருப்பதும் உன் உடம்புதான். ஒன்றுக்குப் போகிற இடம், இரண்டுக்குப் போகிற இடம். குளிப்பாட்டும்போது அம்மா கழுவுவாள். அம்மா கூட இருக்கும்போது டாக்டர் பார்ப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால், 'யாரிடமும் சொல்லாதே' என்று சொன்னால், அதைத்தான் முதலில் என்னிடம் வந்து சொல்ல வேண்டும்." சோறு ஊட்டுகிற குரலிலேயே இதைச் சொல்லலாம்; பயமுறுத்த வேண்டாம். உங்கள் வீட்டில் வழங்குகிற எந்தப் பெயரானாலும் சரி, வெளியாருக்கும் புரிகிற பெயராக இருக்கட்டும். செல்லமாக வைத்த 'குருவி', 'பூ' எல்லாம் பள்ளிக்கூடத்து டீச்சருக்குப் புரியாது.

கன்னத்தைக் கிள்ளி இழுக்கிற மாமாவிடம் "வேண்டாம்" என்று குழந்தை விலகினால், "மாமா ஆசையாய்த்தானே கிள்ளுகிறார்" என்று பிடித்துத் தள்ளாதீர்கள். தன் உடம்புக்குத் தான் "வேண்டாம்" சொல்லலாம் என்பதை அது அங்கேதான் பழகுகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. ஆபத்தென்றால் கூப்பிட 1098 என்ற எண் இருக்கிறது. சட்டமும் எண்ணும் வேலை செய்ய வேண்டுமானால், முதலில் குழந்தையின் வாயில் ஒரு சொல் இருக்க வேண்டும். மணலில் தன்னை வரைந்த சிறுமி ஒருத்தி, சிப்பிகளை வரிசையாக அடுக்கி ஜட்டி போட்டுவிட்டு, "இது என் வீடு, கதவு சாத்தியிருக்கு" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

செய்த சாமான்களை என்ன செய்வது? காகிதக் கூழ் உறுப்புகளை நிழலில் நாலைந்து நாள் நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். கல்லீரலுக்குக் கருஞ்சிவப்பு, நுரையீரலுக்கு இளஞ்சிவப்பு. வெந்தய வாசனைக்குப் பூச்சி வராது என்று நம்பி இருந்துவிடாமல், டப்பாவில் வேப்பிலைச் சருகு கொஞ்சம் போட்டு மூடுங்கள். நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கீழ்ப்படியில் செட்டியார் கடைக்குப் பக்கத்தில் தாளுருவத்தைச் சாய்த்து நிறுத்தி, வெல்க்ரோ நாடா ஒட்டிய இதயத்தையும் கல்லீரலையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துவிட்டால், சுண்டலுக்கு வருகிற குழந்தைகள் எடுத்து எடுத்து மாட்டிக்கொண்டிருப்பார்கள். சிறுநீரகத்தை முன்பக்கம் மாட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவர்களுடைய அம்மாக்களாக இருந்தால், தாளைத் திருப்பிக் காட்டுகிற வேலையை உங்கள் குழந்தையிடமே விட்டுவிடுங்கள்.